நஞ்சில்லா நச்சுத் தவளை

லுக்குட் வட்டாரத்துத் தோட்டங்களில் மாலையில் மழை பெய்து ஓய்ந்தால், அன்றிரவு அமைதி இருக்காது. செம்பனை வரிசைகளுக்கு இடையே வெட்டப்பட்ட வடிகால்களிலிருந்து தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். சில, மாடு அடித்தொண்டையில் கத்துவதைப்போல நீட்டி முழங்கும். சில, யாரோ கதவைத் தட்டுவதைப்போல விட்டுவிட்டு ஒலிக்கும். மறுநாள் காலையில் வீட்டுப் பின்புறத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், சோப்பு நுரையைப் போன்ற வெள்ளை உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். துணி துவைத்தவர் விட்டுப்போன நுரை என்று எண்ணி அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவோர் உண்டு. அது நுரையன்று, மரத்தவளையின் கூடு. நூற்றுக்கணக்கான முட்டைகள் அதற்குள் இருக்கும்.

தவளை நமக்கு அவ்வளவு மலிவான உயிர். அதைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதற்காக ஈ வளர்த்து, நீர் தெளித்து, ஒவ்வொரு முட்டையையும் எண்ணிப் பாதுகாக்கும் மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள் என்றால் நம் தாத்தா பாட்டிகள் சிரிப்பார்கள். அதுவும் அவர்கள் வளர்ப்பது 'நச்சு அம்புத் தவளை' என்று சொன்னால், சிரிப்பு நின்று அச்சம் பிறக்கும். ஆனால், அந்தக் கண்ணாடிப் பெட்டியில் பிறந்து வளர்ந்த தவளையிடம் நஞ்சே கிடையாது. நஞ்சு எங்கே போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான், ஒரு தவளையை வளர்ப்பது என்றால் என்ன என்பதும் தெளிவாகியது.

நச்சு அம்புத் தவளைகள் மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளுக்கு உரியவை. ஏறத்தாழ 200 வகைகள் உள்ளன. பெரும்பாலானவை மிகச் சிறியவை. கோஸ்தா ரிக்கா, பனாமா நாடுகளில் காணப்படும் சிவப்புத் தவளை ஒன்று நம் இருபது காசு நாணயத்தின் மேல் அமர்ந்துவிடும். சுரினாம் நாட்டில், கரும்புள்ளிகள் இட்ட நீல நிறத் தவளை உண்டு. பச்சையும் கறுப்பும் கலந்தது, மஞ்சள் பட்டை போட்டது எனப் பல நிறங்கள். நம் வடிகால் தவளைகள் மண் நிறத்தில் மறைந்து, இரவில் வெளிவருகின்றன. இவையோ பட்டப்பகலில் காட்டுத்தரையில் துள்ளித் திரிகின்றன. "என்னைத் தின்றால் உனக்குத்தான் கேடு" என்பதை அந்த நிறமே பறவைக்கும் பாம்புக்கும் சொல்லிவிடுவதால் அவை ஒளிய வேண்டியதில்லை.

நஞ்சு தடவிய அம்பு நமக்கும் புதிதன்று. தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழலில் வைத்து எய்யும் சிற்றம்புகளின் முனையில் ஈப்போ மரத்தின் பாலைத் தடவுவார்கள். பேராக் மாநிலத்தின் ஈப்போ நகருக்குப் பெயர் தந்தது அந்த மரம்தான். அது பலாமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரப்பட்டையைக் கத்தியால் கீறி, வடியும் பாலைச் சேர்த்து, நெருப்பில் காட்டிக் கெட்டியாக்குவார்கள். பால்மரம் வெட்டி வாழ்ந்த தோட்டக் குடும்பங்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. அந்தப் பால் இரத்தத்தில் கலந்தால் இதயத்தின் துடிப்பு தடுமாறி நின்றுவிடும்.

நம் காட்டில் மரம் தந்த நஞ்சை, கொலம்பியா நாட்டுக் காட்டில் தவளை தந்தது. அங்குப் பசிபிக் கரையோரக் காடுகளில் எம்பெரா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் பயன்படுத்திய தவளைகளுள் மிகக் கொடியது, உடல் முழுவதும் பொன்மஞ்சள் நிறமுடைய ஒரு வகை. சார்லஸ் மையர்ஸ், ஜான் டேலி, போரிஸ் மால்கின் ஆகிய மூவர் 1978-ஆம் ஆண்டில் அதை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினர். அதற்கு அவர்கள் வைத்த அறிவியல் பெயரிலேயே 'அச்சமூட்டுவது' என்னும் பொருளுடைய சொல் இருக்கிறது. எம்பெரா வேட்டைக்காரர் இத்தவளையைக் கொல்வதில்லை. உயிருள்ள தவளையின் முதுகில் அம்பு முனையைத் தேய்த்தாலே போதும். ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தவளையின் தோலில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் நஞ்சு இருக்கும். உப்புத்தூள் சிட்டிகையை விடக் குறைவான அந்த அளவு, பத்துப் பேரின் உயிரைப் பறிக்கப் போதுமானது என்று கணக்கிடுகின்றனர்.

அந்த நஞ்சின் பெயர் பேட்ராகோடாக்சின். நம் நரம்புகளில் சோடியம் உள்ளே நுழையச் சிறு வாயில்கள் உள்ளன. ஒரு செய்தி கடக்கும்போது அவை திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். இந்த நஞ்சு அவற்றை மூடவிடாமல் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. தசை இறுகி, இதயம் தன் ஒழுங்கை இழக்கிறது. இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'நச்சு அம்புத் தவளை' என்னும் பெயர் முழுக் குடும்பத்திற்கும் வந்துவிட்டாலும், அம்பில் தடவப் பயன்பட்டவை என்று உறுதியாகத் தெரிந்தவை மூன்று வகைகள் மட்டுமே. மற்றவற்றில் நஞ்சு குறைவு. சிலவற்றில் இல்லவே இல்லை. பெயர் பெரிது, ஊரார் பேச்சு அதைவிடப் பெரிது.

அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் பணியாற்றிய ஜான் டேலி, இத்தவளைகளின் நஞ்சைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். அவர் காட்டிலிருந்து கொண்டுவந்த தவளைகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். ஆண்டுகள் கழிந்தும் அவற்றின் தோலில் நஞ்சின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. ஆனால், அவை ஈன்ற முட்டைகளிலிருந்து ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்த குஞ்சுகளின் தோலில் நஞ்சின் சுவடே இல்லை. நிறம் அதேதான், உருவம் அதேதான், தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு எந்த வேறுபாடும் இல்லை.

விடைக்கு உதவியது, யாரும் எதிர்பாராத இடமான ஹவாய்த் தீவு. கொசுக்களையும் பூச்சிகளையும் ஒழிப்பதற்காக 1932-இல் பனாமாவிலிருந்து பச்சை-கறுப்புத் தவளைகளைக் கொண்டுவந்து ஹவாயின் ஒவாகு தீவில் விட்டிருந்தனர். கொசு ஒழிந்ததோ இல்லையோ, தவளைகள் அங்குப் பெருகிவிட்டன. ஹவாய்க் காட்டில் வாழ்ந்த அத்தவளைகளின் தோலில் நஞ்சு இருந்தது. ஆனால், அவற்றின் பனாமா முன்னோரிடம் இருந்த சில நச்சுப்பொருள்கள் அங்கே காணப்படவில்லை. அதே ஹவாய்த் தவளைகளின் குஞ்சுகளை வீட்டுக்குள் பெட்டியில் வைத்து, பழ ஈக்கள் போன்றவற்றைத் தின்னக் கொடுத்து வளர்த்தபோது நஞ்சு சிறிதும் இல்லை. மூன்று இடங்கள், ஒரே இனம், மூன்று விதமான தோல். மாறியது என்ன? தின்ற உணவு மட்டுமே.

பிறகு டேலியின் குழுவினர் நேரடியாகவே சோதித்தனர். பழ ஈக்களின் மேல் நச்சுப்பொருளைத் தூளாகத் தூவி, நஞ்சில்லாத தவளைகளுக்குக் கொடுத்தனர். தவளைகள் அவற்றை விழுங்கி, நஞ்சைத் தம் தோலில் சேமித்துக்கொண்டன. அப்படியானால் காட்டில் அந்தத் தூளை யார் தூவுவது? காட்டுத்தரையில் மக்கும் இலைகளுக்கு அடியில் ஊரும் எறும்புகள், சிற்றுண்ணிகள், சிறு வண்டுகள் ஆகியவற்றின் உடலில்தான் அப்பொருள்கள் உள்ளன. தவளை நஞ்சைத் தயாரிக்கும் தொழிற்சாலையன்று. அதைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம். களஞ்சியத்துக்கு நெல் வரும் வயலைத் துண்டித்துவிட்டால் அது காலியாகக் கிடக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒருவர் இத்தவளையை எப்படி வளர்க்கிறார் என்று பார்த்தால், அவர் செய்வதன் பொருள் விளங்கும். உண்மையில் அவர் வளர்ப்பது தவளையை அன்று; ஒரு சதுர அடிக் காட்டுத்தரையை.

ஒரு சோடித் தவளைகளுக்கு ஒவ்வொரு பக்கமும் 45 சென்டிமீட்டர் உள்ள கண்ணாடிப் பெட்டி போதும். அடியில் கூழாங்கல் பரப்பி, அதிகப்படியான நீர் வடிந்து நிற்க இடம் விடுவார்கள். அதன்மேல் வலை, வலைக்கு மேல் தென்னை நார்த்தூளும் கரித்துண்டும் கலந்த மண். அதற்கும் மேல் காய்ந்த இலைகளைத் தாராளமாகப் பரப்புவார்கள். பார்ப்பவருக்குக் குப்பையாகத் தெரியும் இந்த இலைகளே தவளைக்கு வீடு, ஒளிவிடம், வேட்டைக்களம் எல்லாம். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் செடிகளைப் பக்கச்சுவரில் பொருத்துவார்கள். அவற்றின் இலைக்கணுக்களில் நீர் தேங்கி நிற்கும். அந்தச் சிறு குட்டைகளுக்கு ஒரு வேலை உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன்.

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் எப்போதும் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறையாவது பனித்தூறலைப்போல நீர் தெளிப்பார்கள். குழாய்நீர் ஆகாது. அதிலுள்ள குளோரின் நமக்குத் தீங்கு செய்யாது. தோலையே வாயாகவும் பாதி மூச்சாகவும் கொண்ட உயிருக்கு அது எரிச்சல். சுத்தமான மழைநீரோ வடிகட்டிய நீரோ வேண்டும். கைகளில் சவர்க்காரமோ கொசு மருந்தோ பட்டிருந்தால் பெட்டிக்குள் கை நுழைப்பதும் தவறு. தவளையின் நஞ்சுக்கு நாம் அஞ்சுகிறோம். பெட்டியில் வாழும் தவளைதான் நம் கைக்கு அஞ்ச வேண்டும்.

அடுத்தது வெப்பம். "மழைக்காட்டுத் தவளைதானே, லுக்குட்டில் சுகமாக இருக்குமே" என்று தோன்றும். இருக்காது. இவற்றுக்கு ஏற்றது ஏறக்குறைய 22 முதல் 27 பாகை செல்சியஸ் வரை. 30 பாகையைத் தாண்டினால் சில மணி நேரத்திலேயே இறக்கக்கூடும். லுக்குட்டில் நண்பகல் வெயில் 32, 33 பாகையைத் தொடுவது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே அதைவிடவும் அதிகம். பிறகு எப்படி வெப்ப மண்டலக் காட்டில் அவை வாழ்கின்றன? அடர்ந்த காட்டின் தரைக்கு வெயில் இறங்குவதே இல்லை. அடுக்கடுக்கான மரங்கள் அந்த வெப்பத்தை மேலேயே வாங்கிக்கொள்கின்றன. ஒரே வெயில்தான், காடு நின்ற இடத்தில் அது ஒன்று, காடு வெட்டிய இடத்தில் வேறொன்று. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பெட்டியைச் சூடாக்குகிறார்கள். நம் நாட்டில் வளர்ப்பவர் குளிர்சாதன அறையைத் தேட வேண்டும்.

வளர்ப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி உணவுக்கே போகிறது. இத்தவளைகள் அசையும் இரையை மட்டுமே பிடிக்கும். அதுவும் எள்ளளவு இரை. ஆகவே, பறக்க முடியாத பழ ஈ வகைகளைப் புட்டிகளில் வளர்ப்பார்கள். மசித்த வாழைப்பழமும் நொதியமும் கலந்த கூழே ஈக்களின் உணவு. ஒரு புட்டியில் அடுத்த தலைமுறை ஈ வெளிவர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே வாரந்தோறும் புதுப்புட்டி தொடங்க வேண்டும். ஒரு வாரம் மறந்தால், இரண்டு வாரம் கழித்துத் தவளை பட்டினி. பள்ளித் தேர்வு, பெருநாள், திருமணம் என்று எதுவும் அந்தக் கணக்கில் சேராது. தவளை வளர்க்க ஆசைப்பட்டு ஈ வளர்ப்பவராகவே மாறிப்போனதாக இத்துறையினர் தம்மைக் கேலி செய்துகொள்வது பொருத்தம்தான்.

இன்னோர் இரையும் உண்டு. மக்கிய இலைகளுக்கு இடையே துள்ளித் திரியும், எள்ளை விடச் சிறிய வெள்ளைப் பூச்சி அது. ஸ்பிரிங்டெயில் என்று அழைக்கப்படுகிறது. ஈரமான கரித்துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, சில அரிசி மணிகளைத் தூவினால், அரிசியில் படியும் பூஞ்சையைத் தின்று அவை பெருகும். பெட்டிக்குள் விட்டால் அங்குள்ள பூஞ்சையையும் தின்று துப்புரவு செய்யும்; தவளைக்கும் இரையாகும். பழ ஈயில் சத்து குறைவு. அதனால் கொடுப்பதற்குமுன் ஈக்களைக் கால்சியமும் உயிர்ச்சத்துகளும் கலந்த தூளில் புரட்டுவார்கள். இதைச் செய்யாமல் விட்டால் பெரிய தவளைக்கு எலும்பு வலுவிழக்கும். தாய்க்குச் சத்து குறைந்தால், அதன் குஞ்சுகளுக்குத் தீக்குச்சியைப்போல மெலிந்த, உடலைத் தாங்க முடியாத முன்னங்கால்கள் அமையக்கூடும். அப்படிப் பிறந்த குஞ்சைக் காப்பாற்ற வழியில்லை. காட்டில் ஆயிரம் வகைப் பூச்சிகள் தானாகக் கொடுத்ததை மனிதன் ஒரு சிட்டிகைத் தூளில் அடக்கப் பார்க்கிறான். உடல் வளர அது ஓரளவு போதுகிறது; நஞ்சுக்குப் போதவில்லை.

இனி இனப்பெருக்கம். நீலத் தவளையை எடுத்துக்கொள்வோம். ஆணுக்கு முன்கால் விரல் நுனிகள் அகலமாக இருக்கும். பெண் சற்றுப் பெரியது. ஆண் மெல்லிய குரலில் அழைக்கும். பெட்டிக்கு அருகில் காதை வைத்தால்தான் கேட்கும். நம் வடிகால் தவளைகளின் முழக்கத்தோடு ஒப்பிட்டால் அது முணுமுணுப்பு. பெண் அதன் பின்னே சென்று, முன்கால்களால் அதன் முதுகைத் தடவும். இருவரும் முட்டையிட இடம் பார்ப்பார்கள். ஒரே பெட்டியில் இரண்டு பெண் தவளைகள் இருந்தால் சண்டைதான். ஒன்றையொன்று மல்லுக்கட்டி அழுத்துவதோடு, மற்றதன் முட்டைகளையும் அழித்துவிடும்.

முட்டையிடும் அறையாக உலகெங்கும் வளர்ப்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? தேங்காய்ச் சிரட்டை! பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து, ஓரத்தில் வாசல்போலச் சிறு பகுதியை வெட்டி, அடியில் ஒரு கண்ணாடித் தட்டு வைப்பார்கள். இருட்டும் ஈரமும் வழவழப்பான தரையும் ஒன்றாகக் கிடைத்துவிடுகின்றன. பெண் அங்கே ஐந்தாறு முட்டைகள் இடும். ஆண் அவ்வப்போது வந்து முட்டைகளை ஈரமாக்கிக் காவல் காக்கும். நம் மரத்தவளை நூற்றுக்கணக்கில் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. இது ஐந்தை இட்டு, அந்த ஐந்தையும் பார்த்துக்கொள்கிறது.

இரண்டு வாரத்தில் தலைப்பிரட்டைகள் வெளிவரும். காட்டில் தந்தை அவற்றைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, மரப்பொந்தில் தேங்கிய நீரையோ செடியின் இலைக்கணுவிலுள்ள நீரையோ தேடிச் சென்று இறக்கிவிடும். முன்பு சொன்ன புரோமிலியாட் குட்டைகளின் வேலை இதுதான். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் முட்டைகளைத் தட்டோடு எடுத்து, மூடிய டப்பாவில் தனியே பொரிக்க வைக்கிறார்கள். பிறகு தலைப்பிரட்டை ஒன்றுக்குக் கிண்ணம் ஒன்று. சேர்த்து விட்டால் ஒன்றை மற்றொன்று தின்றுவிடும். கிண்ணத்து நீரில் காய்ந்த கெத்தாப்பாங் இலைத் துண்டு ஒன்றைப் போடுவார்கள். போர்ட்டிக்சன் கடற்கரையில் நமக்கு நிழல் தரும் அதே கெத்தாப்பாங் மரம்தான். அதன் இலைச்சாறு நீரைத் தேநீர் நிறமாக்கும். பூஞ்சை படிவதைக் குறைக்கும். இரண்டு மூன்று மாதத்தில் முன்னங்கால்கள் முளைக்கும். அந்த நாளில் கிண்ணத்தைச் சாய்த்து வைக்காவிட்டால், நீரிலேயே பிறந்த அந்தக் குஞ்சு நீரிலேயே மூழ்கி இறந்துபோகும். செவுளை விட்டு நுரையீரலுக்கு மாறும் வேளையில் அதற்கு ஒரு கரை வேண்டும்.

சிவப்புத் தவளை இவ்வளவு எளிதில் மனிதனுக்கு இடம் கொடுப்பதில்லை. அதன் தாய் ஒவ்வொரு தலைப்பிரட்டையையும் தனித்தனி இலைக்கணுவில் விட்டு, சில நாளுக்கு ஒரு முறை திரும்பி வந்து, கருவுறாத முட்டை ஒன்றை உணவாக இட்டுச் செல்லும். அதன் குஞ்சுக்கு வேறு உணவு ஒத்துவராது. எந்தக் குஞ்சு எந்தச் செடியில் இருக்கிறது என்பதைத் தாய் நினைவில் வைத்திருக்கிறது. அம்முட்டைகளின் வழியே தாய் தன் நஞ்சில் சிறிதைக் குஞ்சுக்குக் கொடுக்கிறது என்றும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துள்ளனர். இன்னும் எறும்பைத் தின்னத் தெரியாத குஞ்சுக்குத் தாய் தரும் தற்காப்பு அது. கண்ணாடிப் பெட்டியில் பிறந்த தாயும் தவறாமல் முட்டையை இடுகிறது. ஆனால், அதில் கொடுப்பதற்கு அதனிடம் நஞ்சில்லை.

நஞ்சில்லாமற் போனால் நல்லதுதானே என்று கேட்கலாம். வளர்ப்பவருக்கு நல்லதுதான். ஆனால், அதனால் இழப்பும் உண்டு. 1974-இல் டேலி ஈக்குவடோர் நாட்டில் ஒரு சிறு தவளையின் தோலிலிருந்து வலியைப் போக்கும் பொருள் ஒன்றைக் கண்டார். எலிகளில் செய்த சோதனையில் அது மார்பின் மருந்தைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலுவானதாக இருந்தது. நூற்றுக்கணக்கான தவளைகளின் தோலைச் சேர்த்தும் ஒரு மில்லிகிராம்கூடத் தேறவில்லை. சரி, தவளைகளை வளர்த்து எடுப்போம் என்றால், வளர்ப்புத் தவளைகளில் அப்பொருள் இல்லை. எஞ்சிய துளியைப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்தி, கருவிகள் முன்னேறிய பிறகு 1992-இல்தான் அதன் அமைப்பை அறிவித்தார்கள். எபிபாட்டிடின் எனப்படும் அப்பொருள் மருந்தாக உட்கொள்ள முடியாத அளவுக்குக் கொடியது. இருந்தாலும், வலி எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய அது புதிய வாசலைத் திறந்தது. காடு அழிந்து, தவளை மட்டும் பெட்டியில் பிழைத்திருந்தால் அந்த வாசல் இருப்பதே தெரிந்திருக்காது.

பெட்டியிலும் ஆபத்து இல்லாமலில்லை. 1990-களில் வாஷிங்டன் தேசிய விலங்ககத்தில் வளர்ந்த நீலத் தவளைகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்தபோது தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை தென்பட்டது. 1999-இல் அதற்குப் பெயரிட்டு விவரித்தனர். பெயரின் ஒரு பாதி அந்தத் தவளையின் பெயரிலிருந்து வந்தது. பனாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டுத் தவளைகள் கூட்டங்கூட்டமாக மறைந்ததற்கும் இதே பூஞ்சைதான் காரணம் என்பது உறுதியாயிற்று. தோல் கெட்டால், தவளையின் உடலில் உப்பின் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும். இந்தப் பூஞ்சை கிழக்காசியாவில் தோன்றி, மனிதர்களின் தவளை வாணிபத்தோடு உலகெங்கும் பரவியது என 2018-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. பனாமாவின் பொன்னிறத் தேரையைக் காட்டில் 2009-க்குப் பிறகு கண்டதாக உறுதியான செய்தி இல்லை. அது இன்று வளர்ப்பு மையங்களில்தான் வாழ்கிறது. தவளைகளைப் பெட்டிக்குப் பெட்டி, நாட்டுக்கு நாடு கொண்டுசென்றதால் பரவிய நோயிலிருந்து, பெட்டியில் வைத்தே ஓர் இனத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மையங்கள் இல்லாவிட்டால் அத்தேரை இன்று இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அழகே இத்தவளைகளுக்கு இன்னொரு பகை. காட்டிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடித்து, சிறு டப்பாக்களில் அடைத்துக் கடத்துகிறார்கள். வழியிலேயே பல இறந்துபோகின்றன. 1987-இல் இவை சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துகிறது. கொலம்பியாவில் 'கொலம்பியாவின் செல்வங்கள்' என்னும் பொருள்படும் பெயருடைய பண்ணை ஒன்று, அரசின் உரிமம் பெற்று இத்தவளைகளை இனப்பெருக்கம் செய்து விற்கிறது. பண்ணைத் தவளை தாராளமாகக் கிடைத்தால் கடத்தல் தவளைக்கு விலை இருக்காது என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால், வாங்குபவர் "இது எங்கே பிறந்தது?" என்று கேட்க வேண்டும். வண்ணத்தைப் பார்த்துக் கிறங்கியவர் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு இத்தவளைகளை வளர்க்கும் வாய்ப்பு அமையாது. அமைய வேண்டிய தேவையும் இல்லை. பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய ஓர் உயிருக்கு நாள் தவறாமல் ஈ வளர்ப்பது விளையாட்டன்று. ஆனால், இதுவரை சொன்னவற்றுள் பாதி நம் வீட்டுப் பின்புறத் தவளைக்கும் பொருந்தும். அதுவும் தோலால்தான் நீர் குடிக்கிறது. செம்பனை வரிசையில் தெளித்த களைக்கொல்லி மழையோடு வடிகாலில் இறங்கினால், முதலில் அதை உறிஞ்சுவது அங்குள்ள தலைப்பிரட்டைதான்.

தொட்டி விளிம்பில் அந்த வெள்ளை நுரையைக் கண்டால் என்ன செய்வது? டெங்கிக் கொசு பெருகும் என்பதால் நீரைத் தேக்கிவைக்க இயலாது என்று வீட்டில் சொல்வார்கள். அது நியாயமான கவலையே. நுரைக்கூட்டின் வெளிப்புறம் காய்ந்து தோல்போல இறுகியிருக்கும். உள்ளே ஈரமாக இருக்கும். சவர்க்காரம் படாத கையால், ஓர் அகலமான இலையைக் கொடுத்து அதை மெதுவாகப் பெயர்த்தெடுக்கலாம். மருந்து தெளிக்காத குட்டையின் ஓரத்தில், நீருக்கு ஒரு சாண் உயரத்தில், நிழலான கிளையில் பொருத்திவிடலாம். மூன்று நான்கு நாளில் நுரையின் அடிப்பகுதி இளகும். நல்ல மழை பெய்தால் கறுப்புத் துளிகளாகத் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக நீரில் சொட்டும்.